சுட்டு

நான்கு மாதமாக அபீபோவும் சுமாயிலியும்
பேசிக்கொள்வதில்லை.
காரணம் ஒரு சைக்கிள்.
விற்றது யார், விற்ற பணம் எங்கே என்பது
லுஜெண்டா ஆற்றங்கரையில் எல்லோருக்கும் தெரியும்,
ஆளுக்கொரு விதமாக.

ஆனாலும் தேனுக்குத் தனியே போக முடியாது.
ஒருவன் மரம் ஏறினால் ஒருவன் புகை போட வேண்டும்.
அக்காளைக் கட்டியவன் ஒருவன், அக்காளுக்குத் தம்பி ஒருவன்,
இரண்டு வீட்டுக்கும் கோடரி ஒன்று.

விடிந்ததும் அபீபோ கூப்பிட்டான்.
மைத்துனனை அல்ல, பறவையை.

ப்ர்ர்ர்ர்... ஹ்ம்.

உதட்டில் நடுங்கி மூக்கில் முடியும் ஓசை.
எந்த அகராதியிலும் ஏறாது.
பொருள் கேட்டால் சிரிப்பார்கள்.
பொருள் இல்லை, பலன் இருக்கிறது.
வடக்கே தான்சானியாவில் இதே பறவைக்குச்
சீழ்க்கை அடிக்கிறார்களாம்.
இங்கே அடித்தால்
அயலூரானைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போய்விடும்.

செகோ வந்தது.
பழுப்பும் சாம்பலுமாக, பார்க்க ஒன்றும் விசேஷமில்லை.
பாதி காலியான தீப்பெட்டியைக் குலுக்கினாற்போல் கத்தியது.
பறந்தது, உட்கார்ந்தது, வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தது.

பேசாத இருவர்
பேசும் ஒரு பறவையின் பின்னால் நடந்தார்கள்.

எனக்குத் தோன்றுகிறது,
முதல் சொல் யாருடைய பெயராகவும் இருந்திருக்காது.
எதிரே நிற்பவனுக்குப் பெயர் எதற்கு?
தோளைத் தட்டினால் போதும்.
எதிரே நிற்கும் சிங்கத்துக்கு அலறல் போதும்,
குரங்கும் அலறும்.
சொல் பிறக்க, இங்கே இல்லாத ஒன்று வேண்டும்.
மேட்டுக்கு அந்தப்பக்கம் செத்துக் கிடக்கும் யானை, உதாரணமாக.
பார்த்தவன் ஒருவன்தான்.
தனியே அறுக்க முடியாது.
கழுதைப்புலிகள் வருவதற்குள் கூட்டத்தைத் திரட்ட வேண்டும்.
மூச்சிரைக்க ஓடிவந்து நிற்கிறான்,
கையை நீட்டுகிறான்.
எல்லோருக்கும் மேடுதான் தெரிகிறது.
விரல் மேட்டைத் தாண்டாது.
அப்போது அவன் வாய் என்ன செய்தது?

சும்மா வாயைத் திறந்தாலே வருவது அ.
என் மொழியில் அ என்றாலே தொலைவு,
அங்கே, அது, அவன்.
முயற்சியே இல்லாத ஓர் ஓசைக்குள்
இவ்வளவு தூரம் எப்படிப் புகுந்தது?
சான்று கேட்காதீர்கள்.
ஓசை எலும்பாவதில்லை,
எந்த மண்ணிலிருந்தும் அதைத் தோண்டி எடுக்க முடியாது.

ஒரு பெரிய மரத்தில் பறவை அடங்கியது.
சுமாயிலி பட்டையில் காதை வைத்தான்,
உதடு மூடி ம்ம்ம் என்றான்.
தேனீ.
அபீபோ தலையாட்டினான், பார்வையை எங்கோ வைத்துக்கொண்டு.
பச்சிலை சுற்றிய சுள்ளிக்கட்டில் நெருப்பு,
கயிறு,
கொப்புக்குக் கொப்பு ஒரு ஹே.
இமையில் கொட்டு விழுந்ததும் மேலே ஒரு ஸ்ஸ்.
கீழேயும் ஒரு ஸ்ஸ்,
கொட்டே விழாமல்.

பிறகு காற்று திரும்பியது.
புகை கிளையை மூடிக்கொண்டது.
மேலிருந்தவனுக்குப் பொந்து தெரியவில்லை,
கீழிருந்தவன் ஆட்டிய கையும் தெரியவில்லை.
விரலால் காட்டுவதும் சுட்டு,
தீயில் வாட்டுவதும் சுட்டு.
ஒரே புகைக்குள் இரண்டும் இருந்தன, உபயோகமில்லாமல்.

சுமாயிலி தொண்டையைக் கனைத்தான்.
நான்கு மாதத் துரு.

"அங்கே இல்லை. இன்னும் மேலே."

யாவோ மொழியில் சொன்னான்.
எனக்கு இப்படித்தான் கேட்கிறது.

மேலே கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"இங்கேயா?"
"ம்."

தேன் இறங்கியது.
இலை பரப்பி, மெழுகடையில் ஒரு துண்டைப்
பறவைக்கு வைத்தார்கள், கூலி பாக்கி வைக்காமல்.

திரும்பும்போது வழி நெடுகச் சண்டை.
சைக்கிள், சைக்கிளின் பின்சக்கரம்,
அக்காளின் கல்யாணத்தில் குறைந்துபோன ஆடு,
நாளைக்கு யார் கோடரி தீட்டுவது.
இங்கே இல்லாதவை எல்லாம்
ஒவ்வொன்றாக வந்து
அவர்களுக்கு நடுவில் நடந்தன.